முதலில் ஊசி, பிறகு ஆம்புலன்ஸ்: டெல்டா மருத்துவ நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: காவிரி டெல்டா மாவட்டங்களின் அரசு மருத்துவமனைகளை நிர்வகிக்கும் அதிகாரிகள்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

“ஸ்ட்ரோக்னா கைய வைக்காதே, மேல அனுப்பு.” எங்கும் எழுதப்படாத, யாரும் கையெழுத்துப் போடாத இந்த உத்தரவுதான் டெல்டாவின் சிறிய அரசு மருத்துவமனைகள் பலவற்றில் இன்று பக்கவாதச் சிகிச்சை என்ற பெயரில் நடக்கிறது. வாய் கோணி, ஒரு பக்கக் கையும் காலும் விழுந்து வருகிறவருக்கு ஒரு டிரிப், ஒரு ரெஃபர் சீட்டு, ஒரு ஆம்புலன்ஸ். அதே வளாகத்தில் மூளையைப் படம் எடுக்கும் சி.டி. ஸ்கேன் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தாலும் இதேதான். இந்த வழக்கத்தை எழுத்து மூலம் ரத்து செய்யும்படி கேட்கிறோம்.

ஒரு காலத்தில் இதற்கு நியாயம் இருந்தது. மூளை ரத்தக்குழாயை அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஆல்டிப்ளேஸ் மருந்து, 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் தரும் என்று 1995-இல் நிரூபணமானது. 2008-இல் அந்தக் கெடு நாலரை மணி நேரமாக நீண்டது. ஆனால் அதைக் கொடுப்பது லேசான வேலை இல்லை. கிலோவுக்கு 0.9 மி.கி. என்று கணக்கிட்டு, பத்தில் ஒரு பங்கை ஒரு நிமிடத்தில் நரம்பில் போட்டு, மீதியை ஒரு மணி நேரம் இன்ஃபியூஷன் பம்ப் வைத்து ஏற்ற வேண்டும். ரத்தத்தில் உள்ள ஆல்டிப்ளேஸில் பாதி ஏறத்தாழ 5 நிமிடத்தில் மறைந்துவிடும். டியூப் மடங்கினாலோ பம்ப் நின்றாலோ சிகிச்சையும் அங்கேயே நின்றுபோகும். பம்ப் இல்லாத, இரவில் ஒரே டியூட்டி டாக்டர் உள்ள மருத்துவமனையில் இதைச் செய்யச் சொல்வது வம்புதான். அதனால் மேலே அனுப்பினார்கள்.

இப்போது மருந்தே மாறிவிட்டது. அதே மூலக்கூறில் மூன்று இடங்களில் மாற்றம் செய்து உருவான டெனெக்டிப்ளேஸ் ரத்தத்தில் கூடுதல் நேரம் தங்குகிறது. பம்ப் வேண்டாம், ஒரு மணி நேரக் காவல் வேண்டாம்; ஒரே சிரிஞ்சில், சில விநாடிகளில், ஒரே தடவை. கனடாவில் 1,577 நோயாளிகளிடம் நடந்து 2022-இல் வெளியான ‘ஆக்ட்’ ஆய்வில், டெனெக்டிப்ளேஸ் பெற்றவர்களில் 36.9 சதவீதம் பேரும் ஆல்டிப்ளேஸ் பெற்றவர்களில் 34.8 சதவீதம் பேரும் ஏறக்குறைய குறையே இல்லாமல் தேறினார்கள். ஆபத்தான மூளை ரத்தக்கசிவு இரு பக்கமும் நூற்றுக்கு மூன்று சொச்சம். சீனாவில் நடந்த பெரிய ஆய்வுகளும் இதையே காட்டின. 2025 மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் பக்கவாதத்துக்கு இதை ஏற்றுக்கொண்டது. நம் நாட்டில் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, இங்கேயே தயாராகும் டெனெக்டிப்ளேஸுக்குப் பக்கவாதத்துக்கான ஒப்புதல் கிடைத்துவிட்டது. மாரடைப்புக்கு இதே மருந்தைக் கையாண்டு பழகிய மருத்துவர்களும் செவிலியர்களும் நம்மிடம் இருக்கிறார்கள். சிகிச்சை பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து சிறிய ஆஸ்பத்திரிக்கு இறங்கி வந்த பிறகும், நோயாளியை மட்டும் மேலே ஏற்றிக்கொண்டிருக்கிறோம்.

அந்தப் பயணத்தில் என்ன போகிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. பெரிய ரத்தக்குழாய் அடைத்தால் ஒரு நிமிடத்துக்குச் சராசரியாக 19 லட்சம் நியூரான்கள் சாகின்றன. முதல் ஒன்றரை மணி நேரத்தில் மருந்து போட்டால், நாலைந்து பேருக்குப் போடும்போது ஒருவர் கூடுதலாக முழுமையாகத் தேறுவார். ஒன்றரையிலிருந்து மூன்று மணி நேரம் என்றால் ஒன்பது பேருக்கு ஒருவர். மூன்றிலிருந்து நாலரை என்றால் பதினான்கு பேருக்கு ஒருவர். வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூர் 100 கி.மீ.க்கு மேல், சைரன் போட்டு ஓட்டினாலும் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. அதற்கு முன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு நிறுத்தம், தாலுகா மருத்துவமனையில் ஒரு நிறுத்தம், ஒவ்வொரு இடத்திலும் ஓ.பி. சீட்டு, பிரஷர், ஈ.சி.ஜி., கடிதம், அடுத்த வண்டிக்குக் காத்திருப்பு. போய்ச் சேர்ந்த இடத்திலும் சீட்டும் சி.டி. வரிசையும் முதலிலிருந்து தொடங்கும். திருவாரூரில் 2010-லும் நாகப்பட்டினத்தில் 2022-லும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்ததால் பலருக்குத் தூரம் குறைந்தது உண்மை. மயிலாடுதுறை மாவட்டத்துக்கு அதுவும் இல்லை.

பக்கவாதம் வந்தவருக்குப் புறா ரத்தம் தடவி நேரத்தை வீணாக்குகிறார்கள் என்று கிராமத்து மக்களை நாம் கடிந்துகொள்கிறோம். அவர்கள் வீணாக்குவது அரை மணி நேரம். ரெஃபர் சீட்டு எழுதி நாம் வீணாக்குவது அதைவிட அதிகம்.

“பெரிய குழாய் அடைப்பாக இருந்தால் கம்பி விட்டுக் கட்டியை உறிஞ்சி எடுக்கும் சிகிச்சை வேண்டுமே, அதற்காகவாவது நேராக அனுப்ப வேண்டாமா?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஸ்பெயினின் கத்தலூன்யாவில் இதையே சோதித்தார்கள். பெரிய அடைப்பு என்று சந்தேகப்பட்டவர்களில் ஒரு பகுதியினரை அருகிலுள்ள மருத்துவமனைக்கும், மற்றவர்களை அதைத் தாண்டி நேராகப் பெரிய மையத்துக்கும் கொண்டுபோனார்கள். 2022-இல் வெளியான முடிவில் மூன்று மாதம் கழித்து இரு தரப்பினரின் நிலையிலும் வித்தியாசம் இல்லை. அங்கே அருகிலுள்ள மருத்துவமனைகள் வேகமாக மருந்து போட்டு வேகமாக அனுப்பின என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நாம் கேட்பதும் அதுதான்: மருந்தைப் போட்டுவிட்டு அனுப்புங்கள். டெனெக்டிப்ளேஸ் கட்டியை முன்கூட்டியே ஓரளவு கரைத்தும் வைக்கும். 2018-இல் வந்த ஒரு ஆய்வில், கம்பி விடுவதற்கு முன்பே குழாய் திறந்திருந்தவர்கள் ஆல்டிப்ளேஸில் 10 சதவீதம், டெனெக்டிப்ளேஸில் 22 சதவீதம். “இப்போதெல்லாம் 24 மணி நேரம் வரை சிகிச்சை உண்டாமே” என்று நிதானமாக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது சிறப்பு ஸ்கேனில் மூளையின் ஒரு பகுதி இன்னும் பிழைத்திருப்பதாகத் தெரியும் சிலருக்கு மட்டும். எல்லோருக்குமான கெடு நாலரை மணி நேரம்தான்.

இனி, எங்கே தவறும், ஏன் தவறும் என்று பார்ப்போம். தவறும் என்ற பயம்தான் ரெஃபர் சீட்டை எழுத வைக்கிறது என்பதால் இதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் தவறு கேள்வியில். “எப்ப வந்துச்சு?” என்று கேட்டால், வீட்டார் தாங்கள் பார்த்த நேரத்தைத்தான் சொல்வார்கள். நமக்கு வேண்டியது அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரம். கடிகாரம் பார்த்து யாரும் வாழ்வதில்லை. காலைப் பாங்கு, கோயில் மணி, முதல் பஸ், பால்காரர், இரவு சீரியல் என்று கேட்டால் கால் மணி நேரத் துல்லியத்தில் பதில் வரும். விடிகாலையில் எழும்போதே கை விழுந்திருந்தது என்றால் தூங்கப்போன நேரத்திலிருந்து எண்ண வேண்டும். ஆனால் நடுராத்திரி மும்முனை மின்சாரம் வந்ததும் மோட்டார் போட எழுந்து நடந்தாரா என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள். நடந்திருந்தால் கணக்கு அங்கிருந்து தொடங்கும். இந்த ஒரு கேள்வியைக் கேட்காததாலேயே, கெடு தாண்டிவிட்டது என்று ஒதுக்கப்படுபவர்கள் உண்டு.

இரண்டாவது, பக்கவாதம் போலத் தெரியும் வேறு நோய்கள். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் வயலுக்குப் போனவருக்குச் சர்க்கரை தாழ்ந்து ஒரு பக்கம் செயலிழக்கலாம். மருந்துக்கு முன் கட்டாயம் வேண்டிய ஒரே ரத்தப் பரிசோதனை விரல்நுனிச் சர்க்கரைதான். வலிப்பு வந்து ஓய்ந்த பிறகு ஒரு கை சில மணி நேரம் விழுந்திருக்கலாம். நெற்றியைச் சுருக்கவோ கண்ணை மூடவோ முடியாமல் முகத்தின் ஒரு பாதி முழுதும் விழுந்து, கை காலும் பேச்சும் நன்றாக இருந்தால், அது பெரும்பாலும் முக நரம்பின் கோளாறு. டெல்டாவில் மறக்கக் கூடாத ஒன்றும் உண்டு. தரையில் படுத்தவர் விடியலில் வயிற்று வலியோடு எழுந்து, இரண்டு இமையும் தொங்கி, பேச்சுக் குழறினால், பாய்க்கு அடியில் கட்டுவிரியன் இருந்திருக்கலாம். கடித்த தடமும் வலியும் இல்லாமலே அது கடிக்கும். அவருக்கு வேண்டியது விஷமுறிவு மருந்தும் மூச்சுக்குத் துணையும்.

மூன்றாவது, சி.டி.க்கு முன் கொடுக்கும் மாத்திரைகள். மாரடைப்புக்கென்று ஆரம்ப சுகாதார நிலையங்களில் ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் வைத்திருக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாடின் நல்ல ஏற்பாடு. ஆனால் பக்கவாதத்தில் அடைப்பா ரத்தக்கசிவா என்று சி.டி. பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது. கசிவு இருப்பவருக்கு, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் தீங்கு. பிரஷரும் அப்படியே. 200-ஐத் தாண்டியிருக்கிறது என்று பயந்து அதைக் குறைக்க நாக்கின் கீழ் நிஃபெடிபின் மருந்து வைப்பது இன்னும் ஒழியவில்லை. ஆம்புலன்ஸிலேயே பிரஷரைக் குறைத்துப் பார்த்த ‘இன்டராக்ட் 4’ ஆய்வு 2024-இல் வந்தது. கசிவு இருந்தவர்களுக்கு அது உதவியது. அடைப்பு இருந்தவர்களைக் கெடுத்தது. சி.டி. வரும்வரை பிரஷரைத் தொடாமல் இருப்பதே சிகிச்சை. அடைப்பு என்று தெரிந்து கரைக்கும் மருந்து போடப்போகிறோம் என்றால்தான் 185/110-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். அதற்கு லேபெட்டலால் 10 முதல் 20 மி.கி. நரம்பில் மெதுவாக. போட்ட பிறகு 24 மணி நேரம் 180/105-க்குக் கீழே வைத்திருக்க வேண்டும்.

குளுக்கோஸ் டிரிப்பும் வேண்டாம். சர்க்கரை ஏறினால் அடிபட்ட மூளை மேலும் கெடும், போதாததற்கு டெனெக்டிப்ளேஸ் குளுக்கோஸில் பட்டால் திரிந்து படிந்துவிடும். நார்மல் சலைன் போதும். ஊசிக்கு முன்னும் பின்னும் லைனைச் சலைனால் கழுவ வேண்டும். மருந்தைக் கரைக்கும்போது குப்பியைக் குலுக்காமல் மெல்லச் சுழற்ற வேண்டும்.

மிகப் பெரிய ஆபத்து அளவில் இருக்கிறது. மாரடைப்புக்குக் கொடுக்கும் டெனெக்டிப்ளேஸ் அளவு பக்கவாதத்துக்கான அளவைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. 60 கிலோ நோயாளிக்குப் பக்கவாதத்தில் 15 மி.கி. போதும், மாரடைப்புப் பழக்கத்தில் 30 மி.கி. குப்பியை உடைத்து முழுவதையும் ஏற்றிவிட்டால் மூளையில் ரத்தம் கசியும். கிலோவுக்கு 0.4 மி.கி. என்று கூட்டிக் கொடுத்துப் பார்த்த நார்வே ஆய்வை ரத்தக்கசிவும் மரணமும் கூடியதால் பாதியில் நிறுத்தினார்கள். பன்னாட்டு ஆய்வுகள் வந்து நின்ற அளவு 0.25 மி.கி., உச்சம் 25. இங்கே தயாராகும் மருந்துக்கு நம் நாட்டில் ஒப்புதல் பெற்ற அளவோ 0.2 மி.கி., உச்சம் 20. இரண்டில் எதைப் பின்பற்றுவது என்பதை இரவு இரண்டு மணிக்கு டியூட்டி டாக்டர் தனியாக முடிவு செய்யக் கூடாது; நிர்வாகம் முடிவு செய்து சுவரில் ஒட்ட வேண்டும். மில்லிக்கு 5 மி.கி. வரும்படி கரைத்து, 0.25 என்று எடுத்துக்கொண்டால் 40 கிலோவுக்கு 2 மில்லி, 50 கிலோவுக்கு 2.5, 60-க்கு 3, 70-க்கு 3.5. இந்த நாலு வரி போதும். எடை தெரியாவிட்டால் உத்தேசமாகக் கூட்டிச் சொல்லாமல் நோயாளியின் சர்க்கரை-பிரஷர் அட்டையைப் பாருங்கள், பெரும்பாலும் எழுதியிருக்கும். ரத்தக் கட்டியைக் கரைக்கும் பழைய மருந்தான ஸ்ட்ரெப்டோகைனேஸ் இருக்கிறதே என்று அதை எடுக்கவே கூடாது. 1990-களிலேயே பக்கவாதத்தில் அதைச் சோதித்து, ரத்தக்கசிவால் ஆய்வுகளை நிறுத்திவிட்டார்கள்.

யாருக்குப் போடக் கூடாது என்பதில் ஒரு கேள்வியை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். “வால்வு ஆபரேஷன் ஆனதா? அசிட்ரோம், வார்ஃபரின் சாப்பிடுறாங்களா?” இவை ரத்தம் உறைவதைத் தடுப்பவை. மாத்திரை பெயர் தெரியாவிட்டாலும், மாதாமாதம் ரத்தம் உறையும் நேரம் பார்க்கிறார்களா என்று கேட்டால் தெரிந்துவிடும். அவர்களுக்கு மட்டும் அந்தப் பரிசோதனையின், அதாவது ஐ.என்.ஆர்., முடிவுக்குக் காத்திருங்கள், 1.7-க்கு மேல் என்றால் ஊசி இல்லை. மற்றவர்களுக்கு அந்த முடிவு வரட்டும் என்று நிறுத்திவைப்பது வீண். எனலாப்ரில் வகை பிரஷர் மாத்திரை சாப்பிடுபவருக்கு ஊசிக்குப் பிறகு நாக்கும் உதடும் வீங்கலாம். முதல் இரண்டு மணி நேரம் வாயைத் திறந்து பாருங்கள். அந்த இரண்டு மணி நேரத்துக்குக் கால் மணிக்கு ஒரு தடவை பிரஷரும் நினைவும், அடுத்த ஆறு மணி நேரத்துக்கு அரை மணிக்கு ஒரு தடவை, பிறகு 24 மணி வரை மணிக்கு ஒரு தடவை. தலைவலி, வாந்தி, திடீர் மயக்கம் என்றால் உடனே மறுபடி சி.டி. ஆஸ்பிரின் மறுநாள் சி.டி. பார்த்த பிறகுதான். இவற்றில் எதற்கும் நரம்பியல் பட்டம் தேவையில்லை. மாரடைப்பு ஊசி போட்ட நோயாளியைக் கவனிக்கத் தெரிந்த சிஸ்டருக்கு இதுவும் தெரியும்.

சி.டி.யைப் படிப்பது யார்? அடைப்பு உள்ளவருக்கு முதல் மணி நேர சி.டி. பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். தேட வேண்டியது வெள்ளையாகத் தெரியும் ரத்தம் மட்டும். அதை எந்த மருத்துவரும் அரை நாள் பயிற்சியில் கற்கலாம். சந்தேகம் வந்தால் கல்லூரி மருத்துவரைக் கேட்க வேண்டும். இப்போது நடப்பது, ஃபிலிமை ஜன்னலில் பிடித்துப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்புவது. வெளிச்சத்தில் சிறு கசிவுகள் காணாமல் போகும். திரையில் எல்லாத் துண்டுகளையும் மேலிருந்து கீழ்வரை ஓட்டி ஒரு வீடியோவாக அனுப்பினாலே எவ்வளவோ மேல். படங்களை அப்படியே அனுப்பும் இணைப்பு இருந்தால் இன்னும் நல்லது.

கசிவு என்று வந்தவர்களையும் கைவிட வேண்டியதில்லை. “பிளீடிங், ஒண்ணும் பண்ண முடியாது” என்று சொல்லும் காலம் முடிந்துவிட்டது. இந்தியாவையும் சேர்த்து 10 நாடுகளில் 121 மருத்துவமனைகளில் 7,036 பேரிடம் நடந்து 2023-இல் வந்த ‘இன்டராக்ட் 3’ காட்டியது சாதாரண வார்டு வேலைகளின் பலனை: ஒரு மணி நேரத்துக்குள் மேல் பிரஷரை 140-க்குக் கீழ் கொண்டுவருவது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, காய்ச்சலை 37.5 டிகிரி செல்சியஸைத் தாண்ட விடாமல் வைப்பது, வார்ஃபரின் சாப்பிட்டவருக்கு அதை உடனே முறிப்பது. நான்கையும் சேர்த்துச் செய்தபோது ஆறு மாதம் கழித்து ஊனமும் குறைந்தது, மரணமும் குறைந்தது. அந்த நாடுகள் பெரும்பாலும் நம்மைப் போன்றவை. மருந்துகளும் நம் அலமாரியில் இருப்பவை.

அலமாரி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. பக்கவாதம் என்று சேர்ப்பவர்களுக்கு மூளைக்கு நல்லது என்று நம்பி நாள்தோறும் சிட்டிகோலின் ஊசி போடும் வழக்கம் அரசு, தனியார் என்று பார்க்காமல் எங்கும் இருக்கிறது. ‘இக்டஸ்’ ஆய்வு 2,298 பேரிடம் அதைச் சோதித்துப் பலன் இல்லை என்று 2012-லேயே சொல்லிவிட்டது. பலன் இல்லாததற்குப் பணம் இருக்கிறது. பலன் உள்ளதற்கு இருப்பு இல்லை.

பிற்பாடு வீட்டிலேயே பிசியோதெரபி கொடுத்துச் சரிக்கட்டலாம் என்று எண்ண வேண்டாம். குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்து வீட்டில் மறுவாழ்வு செய்யும் முறையை இந்தியாவிலேயே 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2017-இல் வந்த முடிவில், வழக்கமான கவனிப்பைவிட அது மேலாக இல்லை. வீடு தேடி வரும் பிசியோதெரபி வேண்டும்தான், ஆனால் முதல் மணி நேரங்களில் இழந்ததை அது மீட்டுத் தராது.

எங்கள் கோரிக்கைகள் இவை.

சி.டி. இயந்திரம் உள்ள ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும், பக்கவாத நோயாளியைச் சி.டி. எடுக்காமல் ரெஃபர் செய்யக் கூடாது என்று எழுத்து மூலம் உத்தரவு இடுங்கள். அடைப்பு என்று தெரிந்து, கெடுவுக்குள் இருந்து, தடை ஏதும் இல்லையென்றால் அங்கேயே டெனெக்டிப்ளேஸ் போட்டுவிட்டுத்தான் வண்டி ஏற்ற வேண்டும். நெறிமுறைப்படி போட்டு ரத்தக்கசிவு ஏற்பட்டால் அந்த மருத்துவரைத் தனியாக விசாரணையில் நிறுத்த மாட்டோம் என்ற உறுதியும் அதே உத்தரவில் இருக்க வேண்டும். இது இல்லாமல் மற்ற எதுவும் நடக்காது.

பக்கவாதத்துக்கான சிறிய குப்பியைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் மூலம் இந்த மருத்துவமனைகளுக்கு வாங்கித் தாருங்கள். ஒவ்வொன்றிலும் எப்போதும் குறைந்தது இரண்டு. மாரடைப்புக் குப்பியோடு கலக்காமல், வேறு நிறப் பெட்டியில், அளவுப் பட்டியல் மூடியில் ஒட்டி. காலாவதி நெருங்கும் குப்பிகளை ஆறு மாதம் முன்பே மருத்துவக் கல்லூரிக்கு மாற்றிப் புதியதைக் கொடுத்தால் வீணாகாது. சிட்டிகோலினுக்குச் செலவாகும் தொகையிலிருந்து இதைத் தொடங்கலாம். ஒவ்வொரு அவசரப் பிரிவிலும் லேபெட்டலால் ஊசியும், நோயாளியைப் படுக்கையோடு நிறுக்கும் தராசும் இருக்க வேண்டும்.

108 ஊழியர், கடைசியாக நன்றாக இருந்த நேரத்தையும் விரல்நுனிச் சர்க்கரையையும் குறித்துக்கொண்டு, சி.டி. உள்ள அருகிலுள்ள மருத்துவமனைக்கு முன்கூட்டியே போன் செய்யட்டும். பின்லாந்தின் ஹெல்சிங்கியில் மருத்துவமனைக் கதவிலிருந்து ஊசி வரைக்குமான நேரத்தை 20 நிமிடமாகக் குறைத்தது எந்த அதிசயக் கருவியும் இல்லை: முன்கூட்டியே போன், ஸ்ட்ரெச்சரோடு நேராக சி.டி. அறை, அந்த அறையிலேயே மருந்து. சீட்டும் ரசீதும் பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று இங்கேயும் உத்தரவு இருக்கட்டும். உடன் வருபவரை வண்டியிலேயே ஏற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். நேரம் சொல்லவும் சம்மதம் தரவும் அவர் வேண்டும்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் ஆகிய மூன்று ஊர்களின் மருத்துவக் கல்லூரிகளும் முறைவைத்து ஒரே போன் எண்ணில் 24 மணி நேரமும் ஒரு மருத்துவரை வைத்து, மயிலாடுதுறை உட்பட எல்லாத் தாலுகா மருத்துவமனைகளுக்கும் சி.டி. பார்த்துச் சொல்லட்டும். பதில் தர 10 நிமிடக் கெடு வையுங்கள்.

எத்தனை பேர் பக்கவாதத்தோடு வந்தார்கள், எத்தனை பேருக்கு ஊசி போடப்பட்டது, கதவிலிருந்து ஊசி வரை எத்தனை நிமிடம், எத்தனை பேருக்குக் கசிவு, ஊசி போடாமல் ரெஃபர் ஆனவர்களுக்கு எழுதப்பட்ட காரணம் என்ன என்பதை மருத்துவமனை வாரியாக மாதந்தோறும் வெளியிடுங்கள்.

குறுவை அறுவடை தொடங்கும் முன் முதல் உத்தரவையும் அளவுப் பட்டியலையும் வெளியிட முடியும். முடியாது என்றால், எது தடை, எப்போது நீங்கும் என்று எழுத்தில் பதில் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
டெல்டா மாவட்டங்களின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் பணியாற்றும், பணியாற்றிய மருத்துவர்களும் செவிலியர்களும்